வெசெலினின் ரயிலும் ஒப்ராதின் கையும்

அறுபத்தொன்பதாம் ஆண்டு வசந்தத்தில், ரகிதா கலாச்சார மன்றத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் ஒப்ராத் வாத்தியார் தன் வலது கையைத் தூக்கினார். அந்தக் கை அப்புறம் இறங்கவே இல்லை. கூட்டம் முடிந்தது, நாற்காலிகளை மடக்கி அடுக்கினார்கள், காவல்காரர் பூட்டோடு வந்து நின்றார். வாத்தியார் கையைத் தூக்கியபடியே எழுந்தார். கதவு நிலையில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து வெளியே வந்து, தீசா ஆற்றங்கரை வழியாக வீட்டுக்கு நடந்தார். பிளம்ஸ் மரங்கள் பூத்திருந்த வாரம் அது. வழியில் கிளைகளில் உரசி, விரல்களில் வெள்ளை இதழ்கள் ஒட்டியிருந்தன என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அந்தக் கை வெசெலினின் படத்துக்கு எதிராகத் தூக்கப்பட்டது. வெசெலின் என்றால் எங்கள் மொழியில் சந்தோஷமானவன் என்று பொருள். பெயர் வைத்தவர்கள் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. படகோட்டியின் மகன், ஒல்லி உடம்பு, எப்போதும் துக்கம் விசாரிக்க வந்தவர் போன்ற முகம். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஊர்த் தீயணைப்புப் படையின் நாடகக் குழுவுக்கு அவர் எழுதிக் கொடுத்த முதல் நாடகத்தைப் பார்த்துச் சிரித்ததில் இரண்டு பேருக்குக் குடல் இறங்கியது. பிறகு பெல்கிரேடு போனார். அங்கே அவருடைய மூன்றாவது நாடகத்துக்கு எழுந்த சிரிப்பில் அரங்கத்தின் கூரைப் பூச்சு உதிர ஆரம்பித்தது. முன்வரிசைக்குச் சீட்டு வாங்கியவர்கள் குடையோடு வந்தார்கள். பூச்சு வேலைக்காரர்களை நிரந்தரமாகவே நியமித்துக்கொண்டது நிர்வாகம். வெசெலின் மட்டும் பின்னால் நின்று, இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம் என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார்.

அந்தச் சிரிப்பெல்லாம் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும். ஒப்ராத் வாத்தியாரின் வாயிலிருந்து வந்தது. ரகிதா மதுக்கடையில் ஜன்னலோர மேசை அவருடையது. அவர் பேச ஆரம்பித்தால் பரிமாறுகிறவன் தட்டை ஏந்தியபடி அப்படியே நின்றுவிடுவான், பீன்ஸ் சூப் ஆறிப்போகும். ஒப்ராத் பேசுவார், வெசெலின் எழுதுவார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒருவருக்கு எழுதக் கை வணங்காது, இன்னொருவருக்குப் பேச வராது. இருவரும் சேர்ந்தால்தான் ஒரு ஆள் என்று ஊரில் கேலி உண்டு. அதனால் வெசெலின் சோர்காவைக் கட்டிக்கொண்டபோது, ஒப்ராத் அவருக்குக் கூம் ஆனதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. கூம் என்பவன் கல்யாணத்தில் சாட்சியாக நிற்பவன், பிறக்கும் பிள்ளைக்குப் பெயர் வைப்பவன், அந்தப் பிள்ளையின் தலையில் முதல் கத்தரியை வைப்பவன். அதன் பிறகு இருவரும் ஒருவரையொருவர் கூமே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அண்ணன் தம்பி அடித்துக்கொள்ளலாம், அப்பனும் மகனும் வழக்குக்குப் போகலாம், கூமோடு பகை என்பது எங்கள் பக்கம் கிடையாது. கூம் என்பவன் சட்டைப் பொத்தான் இல்லை என்பார்கள். அறுந்தால் வேறொன்றை வைத்துத் தைத்துக்கொள்ள முடியாது.

அந்தக் கல்யாணத்தில்தான் ஒப்ராத் ரயில் கதையைச் சொன்னார். ஒரு பெரிய மனிதர் ரயிலில் வருகிறார் என்று ஒரு கிராமமே ஸ்டேஷனில் காத்து நிற்கிறது. பேண்டு வாத்தியம் முழங்குகிறது, பன்றி நெருப்பில் வேகிறது, ரயில் நிற்காமல் போய்விடுகிறது. வாசிப்பை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லாததால் பேண்டுக்காரர்கள் அறுவடை வரைக்கும் வாசிக்கிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொல்கிறார்: “இந்த ரயில் நிக்காதுங்க. ஓட்டுறவருக்கே பிரேக் எதுன்னு தெரியாது. ஆனா ஜன்னல்ல நின்னுக்கிட்டு என்னமா கையாட்டுறார் பாருங்க!” கல்யாணப் பந்தியே உருண்டது. சோர்காவின் சித்தப்பா மட்டும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

வெசெலின் அதைப் படமாக எடுத்தார். ‘நிற்காத ரயில்’ என்று பெயர். ரகிதா ஸ்டேஷனிலேயே எடுத்தார், ரகிதாக்காரர்களே நடித்தோம். பெல்கிரேடில் ஓர் அதிகாரி அதைத் தனியாகப் போட்டுப் பார்த்தார். பிரேக் வசனத்துக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டார், பிறகு அந்தக் கையாட்டுகிறவர் யார் என்று உறைத்ததும், தான் சிரித்ததை நினைத்துப் பயந்துபோனார். எங்கள் நாட்டில் படங்களைத் தடை செய்வதில்லை. அந்தப் பெருமையை வெளிநாட்டுக்காரர்களிடம் விடாமல் சொல்வோம். மக்களே அந்தப் படம் வேண்டாம் என்பார்கள், அதன் பிறகு படம் பங்கருக்குப் போகும். பங்கர் என்பது ஸ்டூடியோவின் அடியில் உள்ள நிலவறை. உள்ளே போன படத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், அவ்வளவுதான். ஆக, வேண்டாம் என்று சொல்ல மக்கள் வேண்டும். ரகிதா மக்களைக் கூப்பிட்டார்கள்.

வெசெலின் பெல்கிரேடிலிருந்து பஸ் பிடித்து வந்தார். கூட்டத்துக்கு முன் ஒப்ராத் வீட்டில்தான் சாப்பாடு. ஒப்ராதின் மனைவி ரூஜா, சுட்ட மிளகாயை உரித்து வைத்தாள். “நீ வாயத் தொறக்காத கூமே, சும்மா உக்காரு,” என்றார் ஒப்ராத். “நான் எழுந்திரிச்சு ரெண்டு வார்த்தை சொன்னா மண்டபமே சிரிச்சிரும். சிரிச்சவன் எப்படிடா எதிர்ப்பான்?” வெசெலின் அதை நம்பினார். ரொட்டியை இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று ரூஜா பின்னாளில் சொல்லிச் சொல்லி அழுவாள்.

எங்கள் கூட்டங்களில் தலைவர் எப்போதும் ஒரே வரிசையில்தான் கேட்பார்: யார் ஆதரவு, யார் எதிர்ப்பு, யார் நடுநிலை. முதல் கேள்விக்குக் கையைத் தூக்கிவிட்டு மற்ற இரண்டுக்கும் சிகரெட் பற்றவைக்க வெளியே போய்விடுவது எங்கள் வழக்கம். அன்றைக்கு யாரும் தூக்கவில்லை. ‘இந்தப் படம் உழைக்கும் மக்களை இழிவுபடுத்துகிறது என்பதை ஆதரிப்பவர்கள்?’ என்று மாவட்டத்திலிருந்து வந்த தலைவர் கேட்டதும் மண்டபமே திரும்பி ஒப்ராதைத்தான் பார்த்தது. அவர் எழுந்து சிரிக்க வைப்பார் என்று நாங்களும் காத்திருந்தோம். ஒப்ராத் எழவில்லை. உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்து, தரையில் உருண்டு, வெசெலினின் காலடியில் போய் விழுந்தது. கூமே தூக்கிவிட்டான், நமக்கென்ன வந்தது என்று ஊர் மொத்தமும் தூக்கியது. எண்ணி முடித்ததும் எல்லாரும் இறக்கினார்கள், ஒப்ராதைத் தவிர. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பதை அதுவரை நாங்கள் வாய்ப் பேச்சாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். வெசெலின் குனிந்து அந்தப் பொத்தானை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெசெலினின் மகள் தூன்யாவுக்கு முதல் முடி வெட்டுவதாக இருந்தது. கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது. வெட்ட வேண்டியவன் ஒப்ராத். கை இறங்கியிருந்தாலும் அவர் வந்திருப்பாரா என்பது வேறு கேள்வி. “வேற யாரையாவது வச்சு வெட்டிரலாமே,” என்று சோர்காவின் அம்மா சொல்லிப் பார்த்தாள். சோர்கா ஒத்துக்கொள்ளவில்லை, கூமை மாற்றினால் அந்தச் சாபம் ஏழு தலைமுறைக்கு நிற்கும். வெசெலின், “அவன் வேண்டாம். வேற ஒருத்தனும் வேண்டாம்,” என்றார். அன்றிலிருந்து அவர் கூம் என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. பேச்சு வந்தால் ‘அந்த வாத்தியார்’ என்பார்.

ஆக, முடி வளர்ந்தது. பள்ளிக்கூடம் சேரும்போது தரையைத் தொட்டது. பத்து வயதில் அதைக் கூடையில் சுருட்டி வைத்துக் கையோடு தூக்கிக்கொண்டு போனாள். பெல்கிரேடு முடிதிருத்துபவர் ஒருவர் பழைய நம்பிக்கைகள் பிடிக்காதவர். கத்தரியை வைத்துப் பார்த்தார், கத்தரி வளைந்தது. மூன்றாம் மாடி பால்கனியில் உட்கார்ந்து தலை உலர்த்தினால் பின்னல் கீழே முற்றம் வரை தொங்கும். கீழ்வீட்டுக்காரி கேட்காமலே அதில் குழந்தைத் துணிகளைக் காயப்போடுவாள். பிள்ளைக்கு எப்போதும் தலைவலி. கழுத்து நிமிர்ந்து யாரும் பார்த்ததில்லை.

வெசெலினுக்குக் கஷ்டகாலம். பெயர் போடாமல் பொம்மலாட்டக் கதைகள் எழுதினார், வானொலிக்கு ஓநாய் வேடத்தில் குரல் கொடுத்தார். ஒரு குழந்தை நாடகத்தில் முயல் ஒன்று ‘இந்த வண்டி நிற்காதா?’ என்று கேட்டதற்காக அந்த முயலையும் எடுத்துவிட்டார்கள். ஒப்ராதுக்கோ நல்ல காலம். எந்தக் கூட்டத்தில் எதைக் கேட்டாலும் முதலில் தூக்கியிருப்பது அவர் கை. இப்படி ஓர் ஆளை எங்கே தேடுவது? பள்ளியில் தலைமை ஆசிரியர் ஆக்கினார்கள், பிறகு மாவட்டக் குழு, பிறகு பெல்கிரேடு சட்டசபை. மருத்துவர்கள் எலும்பைப் பார்த்தார்கள், நரம்பைப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை என்றார்கள். விரல்கள் நன்றாகவே வேலை செய்தன. ரூஜா முக்காலி மேல் ஏறிக் கிண்ணத்தைப் பிடித்தால் மேலேயே பட்டாணி உரித்துப் போடுவார். சட்டைகளை வலது தோளில் பிரித்துத் தைத்தாள். மதுக்கடைக்குப் போனால் கையைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறுகிறவன் ஓடி வருவான், கேட்காமலே ராக்கியா என்கிற பழச்சாராயம் வந்துகொண்டிருக்கும். தெருவில் நின்றால் பஸ்கள் நிற்கும். ஏறாவிட்டால் ஓட்டுநர்கள் திட்டுவார்கள். ஒப்ராத் இப்போதெல்லாம் கதை சொல்வதில்லை. ஜன்னலோர மேசையில் சூப் ஆறாமல் சூடாகவே இருந்தது.

ஒருநாள் ரூஜா பெல்கிரேடுக்குப் போய் வெசெலினின் கதவைத் தட்டினாள். வாசலிலேயே முழங்காலிட்டாள். “நீ வந்து அந்தக் கையத் தொட்டு, எறக்குடான்னு ஒரு வார்த்தை சொல்லு, வெசோ. அது எறங்கிரும். எனக்குத் தெரியும்.”

வெசெலின் அவளைத் தூக்கி உட்கார வைத்து, காபி போட்டுக் கொடுத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து அந்தப் பொத்தானை எடுத்து மேசை மேல் வைத்தார். “எனக்கு மிஞ்சினது இதுதான் ரூஜா. நான் காசு கேக்கல, காலப் பிடிக்கச் சொல்லல. அந்த ரயில் கதை யாரோடதுன்னு சபையில எழுந்து சொல்லட்டும். ‘அது என்னுது’ன்னு அவன் வாயாலயே ஒரு தடவை சொல்லட்டும். அடுத்த பஸ்ல வந்து நானே எறக்கி விடுறேன்.”

ரூஜா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். அப்போது அந்த வாக்கியத்தைச் சொன்னால் வேலை போகும், சிறைக்கும் போகலாம். ஒப்ராத், “என் வாய்ல இருந்து எடுத்ததெல்லாம் அவன் பேர்லதானே போச்சு,” என்றார். அதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது என்பதை மறைப்பானேன். ஆனால் அதற்குக் கோபித்துக்கொண்டிருக்கலாம், கதவைச் சாத்தியிருக்கலாம். மிளகாய் உரித்துச் சோறு போட்டுவிட்டுச் செய்கிற காரியமா அது?

கெடுபிடி தளர்ந்தது. வெசெலினின் பெயரை மறுபடியும் சுவரொட்டியில் போட்டார்கள். வரிசையாக ஐந்து நகைச்சுவை நாடகங்கள், மூன்று படங்கள்; கூரைப் பூச்சு உதிர்ந்தது, குடைகள் விரிந்தன, பரிசுகள் வந்தன. நன்றாகத்தான் இருந்தன. ஆனாலும் எங்கள் ஊர்க்காரன் காதுக்கு ஏதோ குறைந்தது. இப்போது அவருடைய பாத்திரங்கள் எல்லாரும் புத்திசாலித்தனமாகப் பேசினார்கள். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து யாரும் பேசவில்லை. பரிசு வாங்கும்போது கைதட்டலைப் பார்க்க முடியாமல் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார் வெசெலின். உயர்ந்த கை எதுவும் அவருக்கு ஆகாமல் போய்விட்டது.

எண்பத்தேழில் பங்கரைத் திறந்தார்கள். ‘நிற்காத ரயில்’ வெளியே வந்தது. முதல் காட்சி ரகிதாவில்தான் என்று வெசெலினே கேட்டு வாங்கினார். அதே மண்டபம், அதே நாற்காலிகள். அந்தப் படத்தை அந்தக் காலத்திலேயே ஆதரித்ததாகச் சொல்லிக்கொள்ளாத ஆள் ஊரில் இல்லை. பிரேக் வசனம் வந்தபோது எழுந்த சிரிப்பில் தீசா ஆறு ஒரு முழம் கரையேறியது. படம் முடிந்து பேச்சு ஆரம்பித்தது. நடத்தியவள் பெல்கிரேடிலிருந்து வந்த பெண், சினிமாவைப் பற்றி எழுதுபவள், ஊர் விஷயம் எதுவும் தெரியாதவள். அவள் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “பின்வரிசையில ஒரு தோழர் ரொம்ப நேரமா கையத் தூக்கிக்கிட்டே இருக்கார். சொல்லுங்க தோழர்.”

மண்டபமே பின்வரிசைக்குத் திரும்பியது. பதினெட்டு வருஷத்தில் அந்தக் கையைப் பார்த்து அப்படிக் கேட்டவர்கள் யாரும் இல்லை. வெசெலின் மேடையில் எழுந்தே விட்டார். சட்டைப்பைக்குள் விரலை விட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். ஒப்ராத் எழுந்தார், தொண்டையைச் செருமினார்.

“அந்தப் பிரேக் வசனம் இருக்கே, அது என்னுது. அந்த ரயில் கதையே என்னுதுதான். வெசெலின் கல்யாணத்துல நான்தான் சொன்னேன்.”

கைதட்டல் வெடித்தது. “அடப்பாவி வாத்தியாரே, சொல்லவே இல்லையே!” என்று முதுகில் தட்டினார்கள். புகைப்படம் எடுத்தார்கள். ஒப்ராதின் முகம் பழைய மதுக்கடை முகமாக மலர்ந்தது. அப்படியானால் அப்போது இதை எதிர்த்தவர்கள் யார் என்று அந்தப் பெண் கேட்டதற்கு, “அதெல்லாம் மேலிடத்து வேலைம்மா,” என்றார். எல்லார் கண்ணும் அந்தக் கை மேல்தான் இருந்தது. இறங்கவில்லை. கேட்ட வாக்கியம் எழுத்துப் பிசகாமல் வந்துவிட்டது. சொன்னால் தலை போகும் என்றபோது வராமல், சொன்னால் மாலை விழும் என்றபோது வந்தது. வெசெலினுக்கு இரண்டாவது தடவையும் கழுத்தறுபட்டது, அதே மண்டபத்தில், அதே ஆளால். அவர் பக்கக் கதவு வழியாக வெளியே போய், சோர்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஒரு தடவை பத்தலை அவனுக்கு,” என்றார். சோர்கா அவரை பஸ்ஸில் ஏற்றினாள்.

அவர்களோடு வந்திருந்த தூன்யா அங்கேயே தங்கிவிட்டாள். அப்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தப் பின்னலோடு தேவாலயத்துக்குள் நுழைந்தால் வால் சாலையில் கிடக்கும். மறுநாள் காலை கூடையைத் தூக்கிக்கொண்டு ஒப்ராத் வீட்டுக்குப் போனாள். ரூஜாவின் தையல் கத்தரியைக் கேட்டு வாங்கினாள். சமையலறை மேசையில் முக்காலியைப் போட்டு, அதன் மேல் ஏறி உட்கார்ந்து, அந்தக் கைக்கு நேராகத் தலையைக் கொண்டு வந்தாள். “கை எறங்கலன்னா என்ன கூமே, நான் ஏறிக்கிறேன். வெட்டுங்க.”

ஒப்ராத் பார்க்காமலே, தடவித் தடவி வெட்டினார். காய்ந்த புல்லைப் போலச் சுலபமாக அறுந்தது. வெட்டும்போது அவர் சொன்னார்: “பயந்துட்டேன்மா. வேற ஒண்ணுமில்ல. அந்தக் கதை என் வாய்ல இருந்து வந்ததுன்னு கண்டுபிடிச்சிருவானுங்களோன்னு பயம். அதான் மொத ஆளா தூக்கினேன்.”

“நேத்து இதச் சொல்லியிருக்கலாமே.”

“உங்கப்பன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடிஞ்சா, கை எப்பவோ எறங்கியிருக்கும்.”

ரூஜா அந்த முடியைத் தலையணைகளில் அடைத்தாள். வீட்டிலிருந்த உறைகள் போதாமல் அக்கம்பக்கத்திலும் வாங்கினாள். தூன்யா கழுத்தை நிமிர்த்திக்கொண்டு பெல்கிரேடுக்குத் திரும்பினாள். கதவைத் திறந்த வெசெலின் அவள் தலையைப் பார்த்தார். யார் வெட்டியது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கூம் தானே தேடிக்கொண்ட உறவு, ஏமாந்தால் தன் புத்தியைத் திட்டிக்கொள்ளலாம். இது பெற்ற மகள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவளோடு பேசவில்லை. கல்யாணத்துக்கு வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பனி உருகிய பிறகு ஒருநாள், ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்: “என்ன சொன்னான்?” அவள் சொன்னாள். வெசெலின், “பயந்தேன்னு அந்த மண்டபத்துல சொல்லியிருந்தா, எறங்கிப் போய் நானே எறக்கி விட்டிருப்பேன். நானுந்தான பயந்துபோயிருந்தேன்,” என்றார். ஆனால் ரகிதாவுக்குப் போகவில்லை.

பிறகு நாடே உடைந்தது. யார் வந்து எதைக் கேட்டாலும் ஒப்ராதின் கையை ஆதரவாக எண்ணிக்கொண்டார்கள். பிரிவதற்கும் எண்ணினார்கள், சேர்வதற்கும் எண்ணினார்கள். ஒரு ஜனவரியில் அவர் தூக்கத்தில் இறந்தார். பெட்டி மூடியில் ஓட்டை போட வேண்டியிருந்தது. குழியை எவ்வளவு ஆழமாக வெட்டியும், மண்ணைத் தள்ளித் தள்ளி, முடிவில் கை வெளியேதான் நின்றது. பாதிரியார் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்றார். நாங்களும் இருக்கட்டும் என்றோம். இடுகாடு பெருஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. அந்த வழியாகப் போகும் பஸ் கையைப் பார்த்து நின்றது. ஓட்டுநர்கள் கொஞ்ச நாள் திட்டினார்கள், பிறகு கம்பெனியே அங்கே ஒரு பலகை நட்டு நிறுத்தமாக்கிவிட்டது.

அடக்கத்துக்கு வெசெலின் வரவில்லை. இறந்தவர்களுக்கான சனிக்கிழமையில் அந்த நிறுத்தத்தில் வந்து இறங்கினார், கோலூன்றிக்கொண்டு. ரூஜா கோதுமைச் சோறும் ராக்கியாவும் கொண்டுவந்து வைத்துவிட்டு விலகி நின்றாள். வெசெலின் மண்ணில் கொஞ்சம் ஊற்றினார், கொஞ்சம் குடித்தார். அந்தக் கையைத் தொட்டு ஒரு வார்த்தை சொன்னால் இறங்கிவிடும் என்று எல்லாரும் நம்பினோம். அவரும் நம்பியிருப்பார். அவர் தொடவில்லை. எங்கள் வழக்கப்படி, இறந்தவருக்கென்று ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். அதை மண்ணில் செருகாமல் அந்த விரல்களுக்கிடையே நீட்டினார்.

“மன்னிக்கல,” என்றார். “பிடி, கூமே.”

விரல்கள் பிடித்துக்கொண்டன. புகை நேராக மேலே போனது. சிகரெட் பாதி எரிவதற்குள் பெல்கிரேடு பஸ் வந்து, வழக்கம்போல அந்தக் கையைப் பார்த்து நின்றது. வெசெலின் ஏறிக்கொண்டார்.